ஜின்சி வாசித்த பொருளாதாரம்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், நாம பேசும்போது பிள்ளைங்க சிரிச்சா என்ன செய்யறது?" சிரித்தால் சிரிக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் பதிப்புரிமை, திருட்டுப் பிரதி என்று பேசினால், அவர்கள் தூங்காமல் சிரிப்பதே நமக்குச் செய்யும் மரியாதை. என் அனுபவத்தில் பயப்பட வேண்டியது சிரிப்புக்கு அல்ல. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களே, அந்த ஒரு நாளுக்குத்தான். புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியாது. புத்தகப் பதிப்பாளர்களும் மென்பொருள் நிறுவனங்களும் சேர்ந்து நடத்துகிற நம் சங்கத்தின் எர்ணாகுளம் அலுவலகத்தில்தான் நானும் இருந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். பெயர் கோமதி. வீடு மட்டாஞ்சேரி. பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்து இறங்கிய குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கோபம் எனக்கு அடிக்கடி வரும் என்பதை என்னுடன் வேலை பார்த்தவர்களே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். கல்லூரி கல்லூரியாகப் போக வேண்டும். பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடாதே, பூட்டு உடைத்த மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றாதே, அடுத்தவன் உழைப்பைக் கேட்காமல் எடுக்காதே என்று சொல்ல வேண்டும். கேட்பார்களா என்றால், எங்கே! களமசேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் அனுமதி வாங்காமல் எதையும் பரப்பக் கூடாது என்று தொண்டை வறளப் பேசிவிட்டு இறங்கினேன். ஒரு பையன் ஓடி வந்து, "மேடம், சூப்பரா பேசினீங்க. முழுசும் வீடியோ எடுத்து யூட்யூப்ல போட்டாச்சு, லிங்க் அனுப்பட்டா?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திட்ட வாய் வரவில்லை எனக்கு. அனுப்புடா ராஜா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கை தட்டிய கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அதன் பிரின்சிபல் மென்மையான மனிதர். பியூனைக்கூட 'சேட்டா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வரவிருந்தது. அதற்கு முன் எந்த வம்பும் வந்துவிடக் கூடாது என்று மனுஷர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். என் பேச்சு அன்றைக்கு நன்றாகவே அமைந்தது. சட்டம், தண்டனை, அபராதம் எல்லாம் சொன்னேன். கடைசியில் கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. சும்மா சொல்லக் கூடாது, நான் பூரித்துத்தான் போனேன். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று திரையில் என் நம்பரைப் போட்டு, பழக்க தோஷத்தில் வாய்விட்டும் படித்தேன். யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. கடைத்தெருவில் மிளகு வாங்க நின்றிருந்தேன். ஒரு பெண் குரல். நேராகத் தமிழிலேயே தொடங்கியது.

"மேடம், ஒரு சம்சயம். கண்ணு காணாத்த ஆளுக்கு இன்னொருத்தர் புக்கு வாசிச்சுத் தந்தா அது களவா?"

"யாரும்மா நீ?"

"முத்துலட்சுமி. பி.ஏ. எகனாமிக்ஸ், தேர்ட் இயர். நீங்க வந்து பேசினீங்கல்ல, முன் வரிசையில இருந்தேன். எனக்குக் கண்ணு காணாது மேடம். நீங்க நம்பரைச் சொன்னதால மனசுல வெச்சுக்கிட்டேன். மலையாளத்துல பேசினாலும் உங்க பேச்சுல நம்ம வீட்டு இழுப்பு இருந்துச்சு. அதான் தமிழ்லயே விளிச்சேன்."

அவள் அப்பா கார்ப்பரேஷனில் வேலை செய்கிறவர். என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் குடும்பம். அவள் சொன்ன விஷயம் இது. வகுப்பில் எல்லோரும் பாடப்புத்தகத்தை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பங்கு போட்டுக்கொண்டு, வாசித்து, போனில் பதிவு செய்து, வகுப்பு குரூப்பில் போட்டு அவளுக்குத் தருவார்கள். அதைத் தொடங்கி வைத்தவள் ஜின்சி என்ற பெண். வைப்பின் தீவிலிருந்து தினமும் படகில் வருகிறவள். படகில் உட்கார்ந்தபடியேதான் பதிவு செய்வாள். மூன்று வருடமாக முத்து அப்படித்தான் படித்தாள்.

"போன்ல தானா வாசிக்கிற ஆப் எல்லாம் இருக்கே?" என்றேன்.

"அது எழுத்தை வாசிக்கும் மேடம். படத்தை வாசிக்குமா? எங்க புக்குல பக்கத்துக்குப் பக்கம் கோடு. அந்தக் கோடு எப்படிப் போகுதுன்னு ஜின்சி சொன்னாத்தான் எனக்குப் பிடிகிட்டும்."

"சரி, இப்ப என்ன ஆச்சு?"

"நீங்க போனதுக்கு மறுநாள் பிரின்சிபல் சார் நோட்டீஸ் போட்டார். புக்கை ஸ்கேன் செஞ்சோ, ரெக்கார்ட் செஞ்சோ யாரோட போன்ல இருந்தாலும் ஹால் டிக்கெட் கிடையாதுன்னு. எல்லாரும் பேடிச்சு, பயந்து போயிட்டாங்க. அவங்கவங்க போன்ல அழிச்சு, குரூப்பையும் கலைச்சு, எங்கிட்ட இருந்ததையும் ஜின்சி கண்ணீரோட கரைஞ்சுக்கிட்டே அழிச்சுக் களஞ்சா. அடுத்த வாரம் பரீச்சை மேடம். எங்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்லை."

குற்றம் சொல்கிற குரலாக இருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் சந்தேகம்தான் கேட்டாள். மிளகை வாங்கினேனா, அங்கேயே விட்டேனா, நினைவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். மற்றவர்களைப்போலப் புத்தகத்தைப் படிக்க முடியாதவர்களுக்காக, அவர்களால் பயன்படுத்த முடிகிற வடிவத்தில் யார் வேண்டுமானாலும் அதை மாற்றித் தரலாம். லாபம் பார்க்கக் கூடாது, அது வெளிச்சந்தைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். ஜின்சி செய்தது களவே இல்லை. ஆனால் அன்றைக்கு நம் ஆட்கள் பேசிய முறை எப்படி? விதிவிலக்குகள் என்று ஒரு ஸ்லைடு நம் எல்லோரிடமும் உண்டு. அப்போதெல்லாம் அது கடைசி ஸ்லைடு. மணி அடிக்கிற நேரத்தில் வரும். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது அதைக் காட்டிவிட்டு நாம் நன்றி சொல்வோம். கண் தெரியாத பெண் ஒருத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்லைடால் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

மறுநாள் காலையில் பிரின்சிபல் அறையில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் பிறகு வகுப்பிலும் பேசியது மலையாளம், இங்கே தமிழில் சொல்கிறேன். நான் சொன்னதை அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முத்துவின் நிலைமை அவருக்குத் தெரியாமல் இல்லை, பாவம், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ஆனால் நோட்டீஸை எடுக்க மட்டும் தயங்கினார்.

"மேடமே வந்து பேசிட்டுப் போனீங்க. அதைக் கேட்டுத்தான் நோட்டீஸ் போட்டேன். இப்ப மேடமே எடுக்கச் சொல்றீங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டறது? உங்க சங்கத்திலிருந்து ஒரு கடிதம் குடுங்க. அடுத்த நிமிஷம் எடுத்துடறேன்."

நியாயம்தான். வராந்தாவுக்கு வந்து எங்கள் மேலாளரைப் போனில் அழைத்தேன். அவர் பெயர் வேண்டாம். சட்டம் படித்தவர், நல்லவர், எதிலும் அவசரப்படாதவர். அந்த அவசரப்படாத குணம்தான் அன்றைக்கு என்னைக் கொன்றது.

"கோமதி, நீ சொல்றது சட்டப்படி நூத்துக்கு நூறு சரி. ஆனா நமக்குச் சம்பளம் குடுக்கறது பதிப்பாளர்கள். புத்தகத்தைப் பதிவு பண்ணலாம்னு நம்ம லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வெளியே போச்சுன்னா, அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஊரெல்லாம் சுத்த விடுவாங்க. கமிட்டியில வெச்சுத்தான் குடுக்க முடியும். அடுத்த மாசம் கூட்டம் இருக்கு."

"அவளுக்குப் பரீட்சை அடுத்த வாரம் சார்."

நேராகப் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "அந்த வகுப்பில் வேற யாரும் அந்தப் பதிவைக் கேக்கலையா? அதைப் பாத்துக்கோ முதல்ல. கடிதம் எங்கிட்டக் கேக்காதே. நீ அங்க போறதை நான் தடுக்கவும் மாட்டேன்."

அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சில் ஏற்ற மாட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை அப்புறம்தான் ஒப்புக்கொண்டேன்.

பிரின்சிபலிடம் திரும்பி வந்தேன். கடிதம் இல்லை, ஆனால் அந்த வகுப்பில் கொஞ்ச நேரம் பேச விடுங்கள், நீங்களும் கூட வந்து உட்காருங்கள் என்று கேட்டேன். வந்தார்.

வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் பேயறைந்த மாதிரி எழுந்து நின்றார்கள். போலீஸ்காரி வந்துவிட்டாள் என்கிற பார்வை. முன்வரிசை ஓரத்தில் முத்து. மெலிந்த பெண், மடக்கிய வெள்ளைக் கோலை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் துப்பட்டா நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தவள்தான் ஜின்சி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

சட்டத்தைச் சொன்னேன். முத்துவுக்காக நீங்கள் வாசிக்கலாம், பதிவு செய்யலாம், அனுப்பலாம் என்றேன். பிறகு மேலாளர் கேட்டதைக் கேட்டேன்.

"அந்த குரூப்பில் இருந்ததை முத்து மட்டும்தான் கேட்டாளா?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பின்பெஞ்சில் ஒருவன், "பஸ்ல வரும்போது நாங்களும் கேப்போம் மேடம். புக்கு வாங்கவே இல்லை" என்றான். பிரின்சிபல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பெண்மேல் பாசம் பொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சரிதான், எல்லோரும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டால் கை தட்டுவார்கள். ஆனால் அது உண்மை இல்லை. சட்டம் அந்தக் கதவைத் திறந்து வைத்தது முத்துவுக்காக. அவள் பின்னால் ஒளிந்து வகுப்பே உள்ளே போனால், நாளைக்குக் கதவைச் சாத்தும்போது வெளியே நிற்கப் போகிறவளும் அவள்தான். அதை அப்படியே சொன்னேன். கண் உள்ளவர்கள் புத்தகத்தை வாங்குங்கள், இல்லாவிட்டால் லைப்ரரியில் எடுங்கள். பதிவு நேராக முத்துவின் போனுக்கு மட்டும் போகட்டும்.

முத்து எழுந்தாள். "அவங்களும் கேட்டுக்கட்டும் மேடம். எனக்கு வாசிச்சுத் தந்தவங்கதானே?"

"அதான் அவங்களே வாசிக்கிறாங்களே. வாசிக்கிறவங்க காதுல விழறதை எந்தச் சட்டமும் தடுக்காது. உக்காரு."

சரி, இனி பயமில்லை, யார் முதலில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கை எழவில்லை. ஜின்சியைப் பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல், "பேடியாணு மேடம், பயமா இருக்கு" என்றாள். "நீங்க இன்னிக்கு வந்து சரின்னு சொல்றீங்க. போன தடவை நீங்க வந்தப்பதான் எல்லாம் போச்சு. என் அப்பா கடல்ல போறவர். ஹால் டிக்கெட் கிடைக்கலைன்னா வீட்டில நான் என்னன்னு சொல்வேன்?"

நாம் ஒருமுறை போய் விதைத்துவிட்டு வந்த பயத்தை இன்னொரு முறை போய் ஒரு பேச்சில் பிடுங்கிவிட முடியாது. கடிதம் இருந்தால் காட்டலாம். அதுவும் இல்லை.

ஜின்சியின் கையிலிருந்த பாடப்புத்தகத்தை வாங்கினேன். முத்துவின் போனைக் கேட்டு வாங்கி, மேசைமேல் வைத்து, பதிவை அழுத்தினேன்.

"என் பேர் கோமதி," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "பதிப்பாளர் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். இந்தப் புத்தகத்தை, புத்தகம் படிக்க முடியாத முத்துலட்சுமிக்காக வாசிக்கிறேன். இது குற்றம் என்று யாராவது சொன்னால் முதல் பெயர் என்னுடையது."

பிரின்சிபல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் வாசிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் வாசித்த பிறகு சத்தமாக வாசித்தே பழக்கமில்லை. ஒரு பட்டறையில் ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க உற்பத்தி என்ன ஆகும் என்று போகிறது பாடம். ஒரு பக்கம் எப்படியோ தாண்டிவிட்டேன். அடுத்த பக்கத்தில் படம்.

"இங்கே ஒரு படம் இருக்கு," என்றேன்.

"படம் எங்ஙனெ இருக்கு மேடம்?" என்றாள் முத்து.

"கோடு. ஒரு கோடு இருக்கு. அது... மேலே போகுது. அப்புறம் கீழே வருது. பக்கத்தில் இன்னொரு கோடு... இது ஏன் இங்கே வந்து நிக்குது?"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். நான் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். சத்தியமாக, புரிவதற்காகத்தான் திருப்பினேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது. முத்துவுக்கு எதற்கென்று தெரியவில்லை. "என்ன செய்யறாங்க, என்ன செய்யறாங்க?" என்று ஜின்சியின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

ஜின்சிக்குத் தாங்கவில்லை. "ஐயோ மேடம், அங்ஙனெயல்ல!" என்று எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். "முத்து, கேளு. நம்ம தோப்பும்படிப் பாலம். பஸ் ஏறுது. முதல்ல வேகமா ஏறும், அப்புறம் முக்கி முக்கி ஏறும். உச்சியில ஒரு நிமிஷம் சமமாகும்ல, அதுதான் அதிகபட்ச உற்பத்தி. அதுக்கு மேல ஆளை ஏத்தினா இறக்கம்."

"ஆ, கிட்டி, புரிஞ்சுது!" என்றாள் முத்து. பஸ் பாலம் ஏறுவது உடம்புக்குத் தெரியும் என்று பிறகு எனக்கு விளக்கினாள்.

ஜின்சி தொடர்ந்து வாசித்தாள். அவள் முடித்ததும் பஸ்ஸில் கேட்பேன் என்று சொன்ன பையன் வந்து வாங்கிக்கொண்டான். அவனுக்குப் பிறகு இன்னொருத்தி. நான் ஓரமாகப் போய் முத்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிரின்சிபல் எப்போது வெளியே போனார் என்று தெரியாது. மணி அடித்து நாங்கள் வராந்தாவுக்கு வந்தபோது பலகையில் நோட்டீஸ் இல்லை. நாலு ஆணி மட்டும் இருந்தது. அந்த மென்மையான மனிதரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மேலாளருக்கு நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உன் பெயரை எதுக்குச் சொன்னே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் கமிட்டியில் அவரே எழுந்து நின்று பேசி, இப்போது நீங்கள் கல்லூரிகளுக்கு எடுத்துப் போகிறீர்களே, அந்தக் கடிதத்தை வாங்கித் தந்தார். விதிவிலக்குகள் உங்கள் பேச்சில் முதலில் வருவதும் அன்றைக்குப் பிறகுதான். எதைச் செய்யலாம் என்று சொன்ன பிறகு எதைச் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது திரையில் காட்டுவதோடு நிறுத்தாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

முத்து பரீட்சை எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவரைத் தருவார்கள், அப்படி. ரிசல்ட் வந்த அன்றைக்குப் போன் செய்தாள். நல்ல மார்க். "மேடம் வாசிச்ச பார்ட்லதான் கொஞ்சம் போச்சு," என்றாள் குறும்பாக. போடி கழுதை என்றேன். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு மறுபடி ஒருநாள் கூப்பிட்டாள்.

"மேடம், எர்ணாகுளத்துல ஒரு காலேஜ்ல என்னை மாதிரியே கண்ணு காணாத்த ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. அதே புக்கு. நம்ம ரெக்கார்டிங்கை அவளுக்கு அனுப்பட்டா?"

"தாராளமா அனுப்பு. சட்டம் அனுமதிக்குது. இதுக்கு எதுக்கு என்னைக் கேக்கறே?"

"அது சட்டம் மேடம். குரல் உங்களோடதில்லையா? கேக்காம எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வாசிச்ச எல்லாரையும் விளிச்சுக் கேட்டுட்டேன். ஜின்சிக்கு இப்ப திருச்சூர்ல வேலை, அவகிட்டயும் கேட்டேன். நீங்க மட்டும்தான் பாக்கி."

எத்தனை கல்லூரி, எத்தனை மேடை! கேட்டு எடு, கேட்டு எடு என்று இத்தனை வருடம் கத்தியிருக்கிறேன். என்னிடம் ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாதே என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கா தெரியாது!

"அனுப்பும்மா," என்றேன். "நான் படத்தைப் பார்த்து உளர்றேனே, அந்த இடத்தை மட்டும் வெட்டிடு."

"ஐயோ, அதை வெட்டறதா? அதுலதானே மேடம் எல்லாரும் சிரிக்கறாங்க."